ஒட்டுசுட்டானில் மிருக டொக்டர் பிடிப்பது எப்படி?

வளர்ப்புப் பிராணிக்கு வைத்தியர் தேடுவது பற்றி வெளிநாட்டுச் சஞ்சிகைகளில் வரும் ஆலோசனை ஒன்றும் ஒட்டுசுட்டானுக்குச் சரிவராது. "உங்கள் பகுதியில் உள்ள மூன்று நான்கு வைத்தியர்களை ஒப்பிட்டுப் பாருங்கள்" என்றுதான் அவை தொடங்கும். இங்கே ஒப்பிட்டுப் பார்க்க இருப்பவர் ஒருவர். அவரும் நீங்கள் போகிற நேரம் முத்தையன்கட்டுப் பக்கம் கன்று ஈன முடியாமல் கிடக்கிற பசுவுக்குப் போயிருப்பார். ஆகவே ஊர் வழக்கத்தை ஒட்டி, அனுபவஸ்தர்கள் செய்வதைப் பார்த்துத் தொகுத்த வழிகாட்டி இது. படிகளை வரிசைப்படி பின்பற்றினால் உங்கள் பிராணி பிழைக்கிறதோ இல்லையோ, ஊரில் ஒருவரும் உங்களைக் குறை சொல்லமாட்டார்கள்.

1. பிராணியின் வகுப்பைத் தீர்மானியுங்கள்

எல்லாச் சீவனுக்கும் ஒரே வைத்தியம் என்பது படித்தவர்கள் கதை. நடைமுறையில் வகுப்பு உண்டு.

பால் மாடு முதலாம் வகுப்பு. அதற்கு வருத்தம் என்றால் அரை மணித்தியாலத்தில் ஆள் போகும், போன் போகும், மோட்டார் சைக்கிள் போகும். ஏனென்றால் அது விடியக் கறக்காவிட்டால் பால் சேகரிக்கிற இடத்துக் கொப்பியில் அன்றைக்கே தெரிந்துவிடும்.

பட்டி மாடு இரண்டாம் வகுப்பு. காலபோகம் விதைத்தவுடன் காட்டுப் பக்கம் சாய்த்துவிட்டால் அறுவடை மட்டும் அது தன்பாட்டில் நிற்கும். அதற்கு வருத்தம் வந்ததும் தெரியாது, மாறியதும் தெரியாது. எண்ணிப் பார்க்கும்போது குறைந்தால்தான் தெரியும். 2008 கடைசியிலும் 2009 தொடக்கத்திலும் கயிற்றை அவிழ்த்துவிட்டு ஓடிய சனம், திரும்பி வந்து குறிசுட்ட அடையாளத்தை வைத்துத் தங்கள் மாட்டைத் தேடிய ஊர் இது. ஆகவே எண்ணுவதில் நாங்கள் கெட்டிக்காரர். வைத்தியம் பார்ப்பதில் அந்த அளவுக்கு இல்லை.

ஆடு மூன்றாம் வகுப்பு. மீள்குடியேற்றத்துக்குப் பிறகு வாழ்வாதார உதவி என்று மாடும் ஆடும் கோழியும் வந்தன. கொடுக்கிற அன்று படம் பிடித்தார்கள், பயனாளியிடம் கையெழுத்து வாங்கினார்கள். ஆட்டுக்கு வயிறு ஊதினால் யாரிடம் போவது என்ற கேள்வி அந்தப் படத்துக்குள் வரவில்லை.

நாய் கடைசி வகுப்பு. இராவெல்லாம் வயலில் பன்றிக்குக் குரைக்கும், யானை வந்தால் முதலில் அறிவிக்கும், அறியாத ஆள் படலையில் கை வைத்தால் ஊருக்கே சொல்லும். இத்தனைக்கும் சம்பளம் மிச்சச் சோறும் மீன் தலையும். அதற்கு டொக்டர் என்றால், "நாய்க்கோ?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பது மரபு. பூனைக்கு வகுப்பே கிடையாது. அது வீட்டில் இருக்கிறது, அவ்வளவுதான்.

2. டொக்டருக்கு முன் பார்க்கவேண்டியவர்களைப் பாருங்கள்

நேரே டொக்டரிடம் போவது மரியாதைக் குறைவு. முதலில் பக்கத்து வீட்டு அண்ணையைக் கேட்கவேண்டும். அவர் தேத்தண்ணிக் கடையில் கேட்பார். கடையில் நிற்கிற லாண்ட்மாஸ்டர் சாரதி, தன் மாமா வீட்டு நாய்க்கு இப்படித்தான் வந்தது என்று சொல்லி மருந்தும் சொல்லுவார். அந்த நாய்க்குப் பிறகு என்ன நடந்தது என்று கேட்கக்கூடாது.

இந்தப் படியில் மூன்று மருந்துகள் திரும்பத் திரும்ப வரும். அவற்றைத் தெரிந்து வைத்திருங்கள்.

முதலாவது, கழிவு ஒயில். சொறி பிடித்த நாயின் முதுகில் மோட்டார் சைக்கிளின் பழைய என்ஜின் ஒயிலைப் பூசுவது. நாய் கறுத்து, மினுங்கி, புதிதாகச் சேர்விஸ் செய்த வாகனம் போல வாசலில் நிற்கும். பிறகு உடம்பை நக்கும். நக்கியது வயிற்றுக்குள் போகும். எரிந்த ஒயிலில் உள்ள நஞ்சு ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் போகும். சொறியை உண்டாக்குவது தோலுக்குள் குடியிருக்கிற, கண்ணுக்குத் தெரியாத சிறு உண்ணி. அதற்கு ஊசியும் குளிசையும் கால்நடை வைத்தியரிடம் உண்டு. ஆனால் ஒயில் சும்மா கிடைக்கிறது, ஊசிக்கு நடக்கவேண்டும்.

இரண்டாவது, பனடோல். தலையிடிக்கும் பனடோல், தடிமனுக்கும் பனடோல், மழையில் நனைந்தால் முன்கூட்டியே பனடோல் என்று வாழ்கிற சனம், காய்ச்சலில் சுருண்டு கிடக்கிற பூனைக்கும் அன்பாக அரைக் குளிசை கரைத்துப் பருக்கும். பரசிட்டமோலை முறித்து வெளியேற்றும் வல்லமை பூனையின் ஈரலுக்கு இல்லை. 500 மில்லிகிராம் குளிசை ஒன்று ஒரு பூனையைக் கொல்லப் போதும். முரசு மண்ணிறமாகும், முகம் வீங்கும், மூச்சு வாங்கும். "காய்ச்சலில் செத்துப்போச்சு" என்று வீட்டில் சொல்லுவார்கள். காய்ச்சல் பாவம், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

மூன்றாவது, வேப்பிலை. 2020இல் மாடுகளின் தோலில் கட்டி கட்டியாகக் கிளம்பும் நோய் வடக்கில் பரவியபோது அம்மாள் வந்திருக்கிறா என்று பட்டியில் வேப்பிலை கட்டியவர்கள் உண்டு. வேப்பிலையால் மாட்டுக்குக் கெடுதி இல்லை. ஆனால் வந்தது கிருமியால் பரவும் நோய்; ஈயும் நுளம்பும் உண்ணியும் ஒரு மாட்டிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும். நேர்த்தி வைப்பவர்கள் வற்றாப்பளை அம்மாளுக்கு வையுங்கள். வைத்துவிட்டு வருத்த மாட்டைப் பட்டியிலிருந்து பிரித்துக் கட்டுங்கள். அம்மாள் கோபிக்கமாட்டா.

3. அலுவலகத்தைக் கண்டுபிடியுங்கள்

அரச கால்நடை வைத்திய அலுவலகம் பொதுவாகப் பிரதேச செயலாளர் பிரிவுக்கு ஒன்று என்ற கணக்கில் இருக்கும். மாகாணக் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் கீழ் வருவது. அங்கே வைத்தியர் ஒருவர், கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியர், சினை ஊசி போடுபவர் என்று ஆட்கள் இருப்பார்கள். இடம் தெரியாது என்று யாரும் சொல்லமுடியாது. மாட்டை விற்று வாகனத்தில் ஏற்ற டொக்டரின் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும் என்பதால் ஊரில் பாதிப் பேர் அந்த வாசற்படி ஏறியவர்கள்தான். மருந்துக்கு ஏறியவர்கள் குறைவு. மாடு உயிரோடு வீட்டில் நிற்கும்வரை டொக்டர் தேவைப்படுவதில்லை, வீட்டை விட்டுப் போகும்போதுதான் தேவைப்படுகிறார்.

வழி கேட்டால் "கோயிலடியில் கேளுங்கோ" என்பார்கள். தான்தோன்றீஸ்வரர் கோயிலடியில் கேட்டால் "சந்தியில கேளுங்கோ" என்பார்கள். சந்தியில் நிற்பவர் கற்சிலைமடுவில் பண்டார வன்னியன் 1803இல் நின்ற இடத்தைப் பிழையில்லாமல் காட்டுவார். டொக்டர் இன்றைக்கு எங்கே நிற்கிறார் என்று அவருக்கும் தெரியாது.

டொக்டர் இல்லாததற்கு அவரைத் திட்டுவது இந்தப் படியின் முக்கியமான அங்கம். திட்டுமுன் ஒரு விஷயம். இலங்கை முழுவதற்கும் மிருக வைத்தியம் படிப்பிக்கிற பீடம் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மட்டும்தான் இருக்கிறது. அங்கிருந்து வெளிவருகிறவர்கள் நாடு முழுவதும் பிரிந்துபோகவேண்டும். இங்கே வந்து சேர்கிறவர் விடியவில் தடுப்பூசி, பிறகு பிரசவம், பிறகு பண்ணைப் பதிவு, பிறகு சான்றிதழ், இடையில் கச்சேரிக் கூட்டம் என்று ஓடுகிறார். அவர் ஓடுகிற ஊரின் நீள அகலம் தெரிந்தால் திட்டில் பாதி குறையும்.

டொக்டரைத் தப்பாமல் பிடிக்க ஒரே வழி, வருத்தம் வருமுன்பே ஒரு நாள் போய், வெளிக்களத்துக்கு எந்த நாள், அலுவலகத்தில் எந்த நாள் என்று கேட்டு, போன் இலக்கத்தை வாங்கி வருவது. இதைச் செய்தவரை ஊரில் "வேலையில்லாத ஆள்" என்பார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள்.

4. பிராணியைக் கொண்டுபோங்கள்

மனிதருக்கு வருத்தம் என்றால் 1990க்கு அழைக்கலாம், இலவச அம்புலன்ஸ் வரும். கிடாய்க்கு என்று சொன்னால் மறுமுனையில் இருப்பவர் மரியாதையாக வைத்துவிடுவார். பஸ்ஸில் கேட்டால் கொண்டக்டர் நாயைப் பார்க்கமாட்டார், உங்களைப் பார்ப்பார்.

ஆகவே வன்னியின் மிருக அம்புலன்ஸ் யூரியா உரப்பை. நாயைப் பின்பக்கமாகப் பைக்குள் இறக்கி, தலை மட்டும் வெளியே இருக்கக் கழுத்தடியில் தளர்வாகக் கட்டி, மோட்டார் சைக்கிளில் பின்னுக்கு இருப்பவர் மடியில் வைத்துக்கொள்ளவேண்டும். ஏ34 வீதியில் இப்படி ஒரு தலை காற்றில் காதை மடித்துக்கொண்டு போவதைக் கண்டிருப்பீர்கள். பை புதிதாகக் கழுவியதாக இருக்கட்டும். உரத்தூள் அதன் மூக்கிலும் வாயிலும் படக்கூடாது. வலியில் இருக்கிற நாய் வளர்த்தவரையும் கடிக்கும். வாயைச் சுற்றி ஒரு துணிக்கட்டுப் போடுங்கள். வாந்தி எடுக்கிற நாய்க்கும் மூச்சுத் திணறுகிற நாய்க்கும் அந்தக் கட்டு வேண்டாம்.

மாட்டைக் கொண்டுபோகமுடியாது. டொக்டரைத்தான் கொண்டுவரவேண்டும். பாதையைச் சரியாகச் சொல்ல ஒரு ஆளைச் சந்தியில் நிறுத்துங்கள். "குளக்கட்டால வந்து, பிறகு கேளுங்கோ" என்பது விலாசம் இல்லை.

5. டொக்டரிடம் கதைப்பது எப்படி

"எத்தனை நாளாச் சாப்பிடேல்லை?"

"நேற்றுத்தான் சேர்."

"அப்பா, போன கிழமையே சோத்தை மணந்துபோட்டுப் போனதெல்லே?"

இதனால்தான் சொல்கிறது, சின்னவனைக் கூட்டிக்கொண்டு போகக்கூடாது. ஆனால் டொக்டருக்கு வேண்டியது அந்தச் சின்னவன்தான். நாய் வாய் திறந்து சொல்லாது. எப்போது தொடங்கியது, கழிச்சலில் இரத்தம் இருந்ததா, என்ன தின்றது, யார் என்ன மருந்து பருக்கினார் என்று ஒருவர் ஒளிக்காமல் சொன்னால் பாதி வைத்தியம் முடிந்தது.

காயத்தோடு வரும் வேட்டை நாய்க்கு வன்னியில் ஒரே விளக்கம்தான். "கம்பி கிழிச்சது சேர்." பன்றிக் கொம்பு கிழித்த காயம் எப்படி இருக்கும் என்று டொக்டருக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். பன்றிவெடியைக் கடித்துத் தாடை பிளந்த மாட்டையும் நாயையும் கொண்டுவந்து "கல்லில விழுந்தது" என்கிறவர்களும் உண்டு. டொக்டர் பொலிஸ் இல்லை. உண்மையைச் சொன்னால் எவ்வளவு ஆழத்துக்குக் கழுவவேண்டும், எந்த ஊசி போடவேண்டும் என்று அவருக்குத் தெரியும். பாம்பு கடித்தது என்றால் முதலில் போன் பண்ணி விஷமுறிவு மருந்து இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். புடையன் கடித்த நாயோடு ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்க நேரமில்லை.

பால் மாட்டுக்கு ஊசி போட்டால், எத்தனை நாளைக்குப் பால் கொடுக்கக்கூடாது என்று கேளுங்கள். கேட்டுவிட்டு அதை மறந்துபோவதுதான் வழக்கம். அந்தப் பாலில் தேத்தண்ணி குடிப்பது பக்கத்து வீட்டுப் பிள்ளை.

6. செலவைத் திட்டமிடுங்கள்

வழக்கமான திட்டம் இது: முதலில் காசு ஒதுக்காமல் இருப்பது, பிறகு வருத்தம் வந்ததும் நகை அடைவு வைப்பதா சங்கத்தில் கடன் எடுப்பதா என்று யோசிப்பது, யோசித்து முடியுமுன் செலவு தேவைப்படாமல் போவது. மிகச் சிக்கனமானது. பிராணிதான் மிஞ்சாது.

அரச அலுவலகத்தில் டொக்டர் பார்ப்பதற்குப் பெரிய செலவில்லை. செலவு மற்ற இடங்களில் ஒளிந்திருக்கிறது. பெற்றோல் ஒன்று. அலுவலகத்தில் இல்லாத மருந்தைப் புதுக்குடியிருப்பிலோ முல்லைத்தீவிலோ வெளியே வாங்குவது இன்னொன்று. சத்திரசிகிச்சை என்று யாழ்ப்பாணத்துக்குப் போகவேண்டி வந்தால் வாகனக் கூலியே மருந்துக் காசை விழுங்கும். மருந்து பெரும்பாலும் கப்பலில் வருவது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360 அளவுக்கு ஏறியபோது, நாட்டில் பரசிட்டமோலுக்கே தட்டுப்பாடு வந்த காலம், நாய்க் குளிசையைப் பற்றிக் கதைத்தவரைப் பைத்தியம் என்றார்கள். ஏறிய விலை பிறகு பழைய இடத்துக்கு இறங்கி வரவில்லை.

ஆகவே ரூபாயில் திட்டம் போடாதீர்கள், கோழியில் போடுங்கள். மருந்து விலை ஏறும்போது முட்டை விலையும் ஏறும். கோயிலுக்கு மாடு நேர்ந்துவிடுகிற ஊரில் நாய்க்கு ஒரு பேட்டை நேர்ந்துவிடுவது பெரிய காரியமில்லை. நாயின் பெயர் வீமன் என்றால், ஒரு கோழியைப் பார்த்து, "இது வீமன்ர கோழி" என்று வீட்டில் எல்லாருக்கும் அறிவித்துவிடுங்கள். அது இடுகிற முட்டைக் காசு ஒரு தகரப் பேணிக்குள் போகட்டும். பூச்சி மருந்து, உண்ணிக்குப் பூசுகிற மருந்து, குட்டிக்குப் போடவேண்டிய பார்வோ ஊசி எல்லாம் அதற்குள்ளிருந்து. அந்த ஊசியின் விலையை இன்றைக்கே கேட்டு எழுதி வையுங்கள். போடாமல் விட்ட குட்டிக்கு இரத்தக் கழிச்சல் வந்து, சேலைன் ஏற்ற நாள்தோறும் ஓடுகிற செலவையும் அதே தாளில் எழுதுங்கள். எது பெரிதென்று உங்கள் வீட்டு ஐந்தாம் வகுப்புப் பிள்ளையே சொல்லும்.

இந்தத் திட்டத்தில் ஒரே ஆபத்து விருந்தாளி. வந்தவர்களுக்கு அடிப்பதற்கு வீமன்ர கோழிதான் முதலில் கையில் அகப்படும்.

7. காப்புறுதி எடுங்கள்

மாட்டுக்குக் காப்புறுதி உண்டு. கமநல சேவை நிலையத்தில் விசாரிக்கலாம். விசாரிக்காமல் இருப்பதற்கும் உரிமை உண்டு, அதைத்தான் பெரும்பாலும் பாவிக்கிறோம்.

நாய்க்குரிய காப்புறுதி கனடாவின் ஸ்காபரோவில் இருக்கிறது. சித்தப்பா. அவர் அங்கே தன் பூனைக்கு மாதாமாதம் தவணை கட்டுகிற மனிதர். ஊரில் இருக்கும்போது நாய்க்குக் கல்லெறிந்தவர்தான், ஆனால் நாடு விட்டுப்போனால் நாயும் ஊரின் ஒரு துண்டாகிவிடும். வட்சப்பில் வீடியோ எடுத்து, நாயைக் கொஞ்சம் சரிந்து படுக்கவைத்து, "சித்தப்பா, நீங்கள் வந்தநேரம் உங்களுக்குப் பின்னால திரிஞ்சதெல்லே, அதுதான்" என்று சொல்லவேண்டும். காசு வரும். வந்த காசில் முதலில் நாயைக் கொண்டுபோங்கள். கூரைத் தகரம் பிறகு மாற்றலாம். அடுத்த முறை அவர் வீடியோவில் நாயைக் கேட்பார், தகரத்தைக் கேட்கமாட்டார்.

8. வருமுன் காப்பதைத் தவிர்ப்பது எப்படி

2022 டிசெம்பரில் மண்டோஸ் புயலோடு வந்த குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடாடுகள் விறைத்துச் செத்தன. முல்லைத்தீவும் தப்பவில்லை. வெய்யிலுக்குப் பழகிய பட்டி மாடு, மேயாத வயிற்றோடு, மழையிலும் காற்றிலும் வெளியில் நின்றது. நாலு கப்பும் ஒரு தறப்பாளும் இருந்திருந்தால் கன்றுகளையாவது உள்ளே விட்டிருக்கலாம். அந்தக் கிழமை எல்லாரும் கொட்டில் போடுவது பற்றிக் கதைத்தோம். வெய்யில் வந்ததும் கதை முடிந்தது.

நாய்க்கு விசர்நாய்த் தடுப்பூசி அரசாங்கம் இலவசமாகப் போடுகிறது. வாசிகசாலையடியிலோ பள்ளிக்கூடத்தடியிலோ ஆட்கள் வந்து மேசை போடுவார்கள். அன்றைக்குத்தான் நாய் கயிற்றுக்குள் அகப்படாது. அகப்பட்டாலும், "எங்கட நாய் ஒருத்தரையும் கடிக்காது" என்ற காரணம் கைவசம் இருக்கும். நாய் கடிக்காது, சரி. விசர்பிடித்த இன்னொரு நாயோ நரியோ உங்கள் நாயைக் கடிக்காமல் இருக்க யாரிடம் உறுதி வாங்கினீர்கள்?

இந்த இடத்தில் பகிடியை நிறுத்திக்கொள்ளலாம். 1973இல் இலங்கையில் 377 பேர் விசர்நாய்க்கடி நோயால் இறந்தார்கள். அண்மைய ஆண்டுகளில் அது முப்பது அளவுக்கு இறங்கியிருக்கிறது. இறக்கியது நாய்க்குப் போட்ட அந்த ஊசியும் கடிபட்டவருக்குப் போட்ட ஊசியும்தான். நோய் வெளிப்பட்டபின் மருந்தில்லை, பிழைப்பது அபூர்வத்திலும் அபூர்வம். நாய் கடித்தாலும் நகம் கீறினாலும் ஓடுகிற தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் அப்பவேண்டாம். அன்றைக்கே மாங்குளம் அல்லது மாஞ்சோலை வைத்தியசாலைக்குப் போங்கள். ஊசிக்குக் காசு இல்லை. கடித்த நாயை அடித்துக் கொல்லவேண்டாம். பாதுகாப்பாகக் கட்டிப்போட முடிந்தால் கட்டி, பதினான்கு நாள் கவனியுங்கள். அது செத்தாலோ குணம் மாறினாலோ உடனே வைத்தியசாலைக்குச் சொல்லுங்கள்.

மேலே உள்ள எட்டுப் படிகளையும் விட்டுவிட்டு இரண்டு காரியம் மட்டும் செய்தாலும் போதும். இந்தக் கிழமை கால்நடை அலுவலகத்தின் போன் இலக்கத்தை வாங்கி வீட்டுக் கலண்டரில் பெரிதாக எழுதுங்கள். அடுத்த முறை தடுப்பூசி மேசை எப்போது வரும் என்று கிராம அலுவலரைக் கேட்டு அந்தத் திகதியையும் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டுக்கும் ஒரு சதம் செலவில்லை.